ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கெட்டிலும் அயர்ன் பாக்ஸுமா? ஆபத்தை முன்கூட்டியே காட்டும் சிம்பிள் கணக்கு!

எம்சிபி விழவில்லை, ஃபியூஸும் போகவில்லை. ஆனால் பிளக் மட்டும் கருகிப் போயிருக்கும். ஏன் இப்படி நடக்கிறது? மொபைலில் இருக்கும் கால்குலேட்டரை வைத்தே இதைக் கண்டுபிடிக்கலாம். எப்படி என்று பார்க்கலாம்.

காலை 7 மணி. அடுப்படியில் இருக்கும் ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கெட்டில் கொதித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்திலேயே பள்ளிக்கூட யூனிஃபார்முக்கு அயர்ன் பாக்ஸும் சூடாகிறது. "ரெண்டும் நல்லாத்தானே ஓடுது, என்ன பிரச்னை?" என்றுதான் தோன்றும். பத்து நிமிஷம் கழித்து அந்த பிளக்கைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். சில வீடுகளில் லேசாக பிளாஸ்டிக் கருகும் வாசனையும் வரும்.

அந்த வாசனைதான் முதல் எச்சரிக்கை. ஆனால் அதற்கு முன்பே, சாதனத்தின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளே இந்த எச்சரிக்கையைச் சொல்லிவிடுகிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

லேபிளில் என்ன இருக்கு?

அயர்ன் பாக்ஸ், கெட்டில், கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு என எதைத் திருப்பிப் பார்த்தாலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வோல்ட், இன்னொன்று வாட். சார்ஜர் மாதிரி சிலவற்றில் வாட்டுக்குப் பதில் ஆம்பியர் இருக்கும்.

வோல்ட் என்பது கரன்ட்டைத் தள்ளும் அழுத்தம். மொட்டை மாடி டேங்க் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அந்த அளவுக்குக் குழாயில் தண்ணீர் வேகமாக வரும் இல்லையா, அதுபோல. நம் வீடுகளுக்கு வரும் சிங்கிள் ஃபேஸ் சப்ளை 230 வோல்ட்.

ஆம்பியர் என்பது ஒயர் வழியாக உண்மையில் ஓடும் கரன்ட்டின் அளவு. ஓம் என்பது அந்த ஓட்டத்துக்கு இருக்கும் தடை, அதாவது ரெசிஸ்டன்ஸ். வாட் என்பது அந்த சாதனம் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு மின்சாரத்தைச் சூடாகவோ, வெளிச்சமாகவோ, சுழற்சியாகவோ மாற்றுகிறது என்பதைச் சொல்லும் பவர்.

இந்த நான்கில் எந்த இரண்டு தெரிந்தாலும் மீதி இரண்டைக் கண்டுபிடித்துவிடலாம். மனதில் வைக்க வேண்டியது இரண்டே வரிதான்:

வாட் = வோல்ட் × ஆம்பியர்
ஓம் = வோல்ட் ÷ ஆம்பியர்

இரண்டாவது வரியைத் தந்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த கியோர்க் சைமன் ஓம். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே ஒயர்களை வைத்துச் சோதனை செய்து, 1827-ல் இதைப் புத்தகமாக வெளியிட்டார். ஆரம்பத்தில் அவருக்கு வரவேற்பைவிட விமர்சனம்தான் அதிகம் கிடைத்தது. 1841-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்கு காப்ளி பதக்கம் கொடுத்துக் கௌரவித்தது. ரெசிஸ்டன்ஸை அளக்கும் அலகுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.

கணக்கு 1: எது எவ்வளவு ஆம்பியர் இழுக்குது?

லேபிளில் வாட் இருக்கிறது, வீட்டில் 230 வோல்ட். அப்படியானால் வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர் வந்துவிடும். வழக்கமான சில அளவுகளுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்:

* 9 வாட் எல்இடி பல்ப் – 0.04 ஆம்பியர்
* 75 வாட் சாதா சீலிங் ஃபேன் – 0.33 ஆம்பியர்
* 750 வாட் மிக்ஸி – 3.3 ஆம்பியர்
* 1000 வாட் அயர்ன் பாக்ஸ் – 4.35 ஆம்பியர்
* 1500 வாட் கெட்டில் – 6.5 ஆம்பியர்
* 2000 வாட் கீசர் அல்லது இண்டக்‌ஷன் அடுப்பு – 8.7 ஆம்பியர்
* 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் – 13 ஆம்பியர்

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கீசர், கெட்டில், அயர்ன் பாக்ஸ் போன்ற சூடாக்கும் சாதனங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். ஃபேன், மிக்ஸி, ஃபிரிட்ஜ் போன்ற மோட்டார் உள்ளவை இந்தக் கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஆம்பியர் இழுக்கும். ஸ்டார்ட் ஆகும் அந்த ஒரு கணத்தில் பல மடங்கு இழுக்கும்.

6 ஆம்பியரா, 16 ஆம்பியரா?

நம் வீட்டுச் சுவரில் இரண்டு வகை சாக்கெட் இருக்கும். சின்ன ஓட்டை உள்ளது 6 ஆம்பியர். பெரிய ஓட்டை உள்ளது 16 ஆம்பியர், நாம் பவர் பிளக் என்று சொல்வது. பழைய வீடுகளில் 5, 15 என்று எழுதியிருக்கும்.

6 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் 1380 வாட். அதுதான் அந்த சின்ன சாக்கெட்டின் எல்லை. 16 ஆம்பியர் சாக்கெட்டின் எல்லை 3680 வாட்.

இப்போது காலை 7 மணி அடுப்படிக்குத் திரும்புவோம். கெட்டில் 1500, அயர்ன் பாக்ஸ் 1000, மொத்தம் 2500 வாட். 230-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 10.9 ஆம்பியர். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பின்னால் 6 ஆம்பியர் என்று இருந்தால், அதன் தாங்கும் சக்தியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கரன்ட் அதற்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் சொல்லப்போனால், கெட்டில் தனியாகப் போட்டாலே 6.5 ஆம்பியர், அதுவே எல்லை தாண்டியதுதான்.

பாக்ஸில் நாலு சாக்கெட் இருக்கிறதே என்று கேட்கலாம். நாலு சாக்கெட்டும் சுவருக்குப் போவது ஒரே ஒயர் வழியாகத்தான். 6 ஆம்பியர் என்பது ஒவ்வொரு ஓட்டைக்கும் தனித்தனியாகக் கொடுக்கப்பட்டது இல்லை, நாலுக்கும் சேர்த்துத்தான்.

அதேபோல, பெரிய பின் உள்ள பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் செருகுவதற்காகக் கடைகளில் கன்வெர்ஷன் பிளக் விற்கிறார்கள். அது ஓட்டையின் அளவைத்தான் மாற்றும். உள்ளே போகும் ஆம்பியரைக் குறைக்காது. பெரிய பின் வைத்ததே "என்னைச் சின்ன சாக்கெட்டில் போடாதே" என்று சொல்வதற்குத்தான்.

கணக்கு 2: ரெசிஸ்டன்ஸ் கம்மின்னா பவர் கம்மியா?

பலரும் குழம்பும் இடம் இது. அயர்ன் பாக்ஸ் 4.35 ஆம்பியர் இழுக்கிறது. 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் சுமார் 53 ஓம். 2000 வாட் கீசருக்கு 230 ÷ 8.7, சுமார் 26 ஓம்.

கவனித்தீர்களா? பவர் அதிகமுள்ள கீசருக்குத்தான் ரெசிஸ்டன்ஸ் குறைவு. வோல்டேஜ் மாறாமல் இருக்கும்போது, தடை குறைந்தால் கரன்ட் அதிகமாக ஓடும், அதனால் வாட்டும் கூடும். ஷார்ட் சர்க்யூட் என்பது இதன் உச்சம். இரண்டு ஒயரும் நேரடியாக உரசிக்கொண்டால் தடை கிட்டத்தட்ட பூஜ்யம், அதனால் ஒரே கணத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்துவிடும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலும் இதேதான் நடக்கிறது. கெட்டிலின் ரெசிஸ்டன்ஸ் சுமார் 35 ஓம், அயர்ன் பாக்ஸுக்கு 53 ஓம். இரண்டையும் ஒன்றாகச் செருகினால், கரன்ட்டுக்கு ஒன்றுக்கு இரண்டு வழி கிடைக்கிறது. மொத்தத் தடை 21 ஓமாகக் குறைந்துவிடும். சாதனங்களைச் சேர்க்கச் சேர்க்க மொத்தத் தடை குறையும், கரன்ட் ஏறும்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு டிப்ஸ். அயர்ன் பாக்ஸ், கெட்டில் மாதிரியானவற்றில் மீட்டரில் வரும் ஓமும் கணக்கில் வரும் ஓமும் ஏறக்குறைய ஒத்துப்போகும். ஆனால் பழைய 60 வாட் குண்டு பல்பை அளந்தால் ஏமாந்துபோவீர்கள். கணக்குப்படி அதற்கு 882 ஓம் இருக்க வேண்டும். மீட்டரோ அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே காட்டும். மீட்டரில் கோளாறு இல்லை. உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை எரியும்போதுதான் அவ்வளவு தடையைக் காட்டும், ஆறியிருக்கும்போது தடை மிகக் குறைவு. குண்டு பல்ப் பெரும்பாலும் ஸ்விட்ச் போடும் நொடியில் ஃபியூஸ் ஆவதற்கும் இதுவே காரணம். அளக்கும்போது சாதனம் சாக்கெட்டில் செருகியிருக்கவே கூடாது என்பது முக்கியம்.

சரி, ஒயர் ஏன் சூடாகுது?

தடை அயர்ன் பாக்ஸுக்குள் மட்டும் இல்லை. ஒயருக்கும் கொஞ்சம் தடை உண்டு. 5 மீட்டர் நீளமுள்ள எக்ஸ்டென்ஷன் ஒயரை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் செம்புக் கம்பி 0.75 ஸ்கொயர் எம்எம் தடிமன் என்றால், போக வர சேர்த்து அதன் தடை கிட்டத்தட்ட கால் ஓம், சரியாகச் சொன்னால் 0.26 ஓம்.

கால் ஓம் என்ன செய்துவிடப் போகிறது என்று தோன்றும். இங்கேதான் மேலே சொன்ன இரண்டு வரியும் ஒன்று சேர்கிறது. ஒயரில் உருவாகும் சூடு = ஆம்பியர் × ஆம்பியர் × ஓம். கரன்ட் ஓடும்போது எழும் சூடு, கரன்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது என்பதை 1840-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல் சோதனை செய்து காட்டினார். அதாவது கரன்ட் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு.

அதே ஒயரில் கணக்குப் போட்டால்:

* 2 ஆம்பியர் ஓடினால் – சுமார் 1 வாட் சூடு
* 6 ஆம்பியர் ஓடினால் – சுமார் 9 வாட்
* 10.9 ஆம்பியர் ஓடினால் – சுமார் 31 வாட்

டிவி, செட் டாப் பாக்ஸ், சார்ஜர் போட்டபோது பல வருஷம் நல்லா ஓடிய அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கெட்டிலும் அயர்ன் பாக்ஸும் சேர்ந்தவுடன் ஏன் தாங்குவதில்லை என்பது இப்போது புரியும். ஒயரை நீட்டிப் போட்டிருந்தால் இந்தச் சூடு காற்றில் கலைந்து போகும். சுருட்டி வைத்திருந்தாலோ, மிதியடிக்கு அடியில் விட்டிருந்தாலோ, சூடு வெளியேற வழியில்லாமல் அங்கேயே சேரும்.

அசல் வில்லன் லூஸ் கான்டாக்ட்

ஒயரைவிட மோசமான இடம் ஒன்று இருக்கிறது. அது பிளக்கின் பின் சாக்கெட்டைத் தொடும் இடம். புது சாக்கெட்டில் பின் இறுக்கமாக உட்காரும். நாளாக ஆக உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு தளர்ந்துவிடும். பிளக் ஆடும். அந்த இடத்தில் வெறும் 0.2 ஓம் தடை கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

அதில் டிவிக்கான அரை ஆம்பியர் ஓடினால் உருவாகும் சூடு 0.05 வாட். ஒன்றுமே இல்லை. அதே இடத்தில் 10.9 ஆம்பியர் ஓடினால்? 10.9 × 10.9 × 0.2, கிட்டத்தட்ட 24 வாட்.

எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அந்த அளவு சூடு, பிளாஸ்டிக்குக்கு நடுவே ஒரு சின்னப் புள்ளியில் எழுகிறது. சூட்டில் தகடு இன்னும் தளரும், உலோகத்தின் மேல் கருப்பு படியும், தடை இன்னும் கூடும், அதனால் சூடும் கூடும். பிளக் பழுப்பாவதும், உருகுவதும், கடைசியில் தீப்பிடிப்பதும் இப்படித்தான்.

எம்சிபி ஏன் விழல?

"அதான் எம்சிபி போட்டிருக்கோமே, அது காப்பாத்தாதா?" என்ற கேள்வி வரும். அடுப்படி பவர் பிளக்குக்குப் போகும் லைனில் பெரும்பாலும் 16 அல்லது 20 ஆம்பியர் எம்சிபி இருக்கும். நம் கணக்கில் ஓடுவது 10.9 ஆம்பியர். எம்சிபியைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகவே இருக்கிறது. அது விழ வேண்டிய அவசியமே இல்லை.

எம்சிபி பாதுகாப்பது சுவருக்குள் போகும் ஒயரை. நீங்கள் வெளியே மாட்டிய மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் எவ்வளவு தாங்கும் என்பது அதற்குத் தெரியாது. இன்னொன்று, 16 ஆம்பியர் எம்சிபி வழியாக 17 ஆம்பியர் போனால் உடனே விழாது. எல்லையைக் கொஞ்சம் தாண்டினால் அது விழ நெடுநேரம் எடுக்கும், பல மடங்கு தாண்டினால்தான் கண் இமைக்கும் நேரத்தில் விழும்.

லூஸ் கான்டாக்ட் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே தடை கூடுவதால் கரன்ட் துளி குறையத்தான் செய்யும். எனவே எம்சிபிக்கு அது தெரியவே தெரியாது. பிரிட்டனில் ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் ஒரு குட்டி ஃபியூஸ் இருக்கும். நம்ம ஊர் பிளக்கில் அது கிடையாது. அதனால் இந்தக் கணக்கை நாமே போட வேண்டியிருக்கிறது.

லோ வோல்டேஜ் வந்தா என்ன ஆகும்?

230-க்குப் பதில் 180 வோல்ட்தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அயர்ன் பாக்ஸின் 53 ஓம் மாறாது. 180 ÷ 53, கரன்ட் 3.4 ஆம்பியர். 180 × 3.4, வெறும் 612 வாட். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் குறைந்ததற்கு, பவர் ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைந்துவிட்டது. லோ வோல்டேஜில் கீசரில் தண்ணீர் சூடாக அவ்வளவு நேரம் ஆவது இதனால்தான்.

அயர்ன் பாக்ஸுக்கு இதனால் கெடுதல் இல்லை. ஆபத்து மோட்டாருக்குத்தான். போர்வெல் மோட்டார், ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் போன்றவை அதே வேலையைச் செய்ய முயன்று கூடுதல் ஆம்பியர் இழுக்கும். கரன்ட் கூடினால் காயில் சூடு வர்க்கமாக ஏறும். லோ வோல்டேஜில் மோட்டார் காயில் எரிந்துபோவதன் பின்னணி இது.

ஈரக் கையோட ஸ்விட்சைத் தொட்டா?

இதுவும் அதே ஓம் கணக்குதான். காய்ந்த தோலின் தடை ஒரு லட்சம் ஓம் வரைகூட இருக்கலாம். 230-ஐ ஒரு லட்சத்தால் வகுத்தால் சுமார் 2 மில்லி ஆம்பியர், சுருக்கென்று இருக்கும். கை நனைந்திருந்தால் தடை ஆயிரம் ஓமுக்கு இறங்கிவிடலாம். அப்போது 230 மில்லி ஆம்பியர். ஒரு ஆம்பியரில் கால் பங்குகூட இல்லை, ஆனால் இதயத்தை நிறுத்த அது போதும்.

வீட்டுக்கு வைக்கும் ஆர்சிசிபி பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே சப்ளையைத் துண்டிக்கும்படி செய்யப்பட்டிருப்பது இதற்காகத்தான். ஆனால் ஆர்சிசிபி ஷாக்கிலிருந்து காப்பதற்கு. ஓவர்லோடையோ, லூஸ் கான்டாக்ட்டையோ அது பார்க்காது. எம்சிபியும் வேண்டும், ஆர்சிசிபியும் வேண்டும். ஒன்று இன்னொன்றுக்கு மாற்று இல்லை.

கரன்ட் பில்லுக்கும் இதே கணக்கு

1000 வாட்டை ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒரு யூனிட். 2000 வாட் கீசரை தினமும் அரை மணி நேரம் போட்டால் நாளுக்கு ஒரு யூனிட், தமிழ்நாட்டில் ரீடிங் எடுக்கும் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். அதே அரை மணி நேரத்தில் 9 வாட் எல்இடி பல்ப் எரிந்தால், இரண்டு மாதத்துக்கும் சேர்த்து சுமார் 0.27 யூனிட்தான். பில்லைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் எதை அணைக்க வேண்டும் என்பதற்கும் லேபிளிலேயே பதில் இருக்கிறது.

அப்போ என்ன செய்யணும்?

* எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பின்னால் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். அதை 230-ஆல் பெருக்குங்கள். செருகியிருக்கும் எல்லா சாதனத்தின் வாட்டையும் கூட்டினால் அந்த எண்ணைத் தாண்டக் கூடாது.
* கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, கெட்டில், ஹீட்டர், ஏசி ஆகியவற்றை எக்ஸ்டென்ஷனில் போடவே வேண்டாம். சுவரில் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேரடியாகப் போடுங்கள்.
* ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருக வேண்டாம். முதல் பாக்ஸின் எல்லை அதனால் கூடாது.
* சுருட்டி வைத்த ஒயரை முழுதாக விரித்த பிறகே பயன்படுத்துங்கள்.
* பிளக் ஆடினால், பழுப்பானால், "சர்ர்" சத்தம் வந்தால், கருகல் வாசனை அடித்தால், ஈரமில்லாத கையால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். டேப் சுற்றிச் சமாளிக்க வேண்டாம்.
* எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று அதைவிடப் பெரிய எம்சிபியாக மாற்றச் சொல்லாதீர்கள். ஒயர் அதே பழைய ஒயர்தான். அதற்கு இருந்த ஒரே காவலையும் எடுத்துவிடுவது போல ஆகிவிடும்.

இன்றைக்கு வீட்டில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸையாவது திருப்பிப் பாருங்கள். பின்னால் 6 என்று இருந்தால் 1380 என்ற எண்ணை பேனாவால் அதன் மேலேயே எழுதி வையுங்கள். நாளைக் காலை அவசரத்தில் கெட்டிலை எடுத்துச் செருகப் போகும்போது, அந்த எண் கண்ணில் பட்டால் போதும்.